கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து

சித்தூரில் எங்களோடு இருந்த என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பல வருடங்களாக நுரையீரல் நோய். இன்ஹேலர் போட்டுக்கொண்டு, சர்ச்சுக்கு மட்டும் நடந்தே போய் வருவார். போன வருடம் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாகக் கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். வேறு வியாதி உண்டா என்று அவர் கேட்டதற்கு, "சுகர், பிபி ஒண்ணும் இல்ல சார்" என்றார் நைனா. நுரையீரலைப் பற்றிச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, கூடப் போன எனக்கும் தோன்றவில்லை.

காலையும் மாலையும் நான்தான் மருந்து விட்டேன். சில நாட்களில் நைனாவுக்கு இரைப்பு அதிகமானது. பனிக்காலத்துச் சளி என்று நினைத்தோம். கடைசியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவரைத் திருப்பதிக்குக் கொண்டு போனோம்.

"வேற என்ன மருந்து எடுக்கிறாரு?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து வுட்டுக்கினு இருக்கோம் சார்" என்றேன்.

மருந்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், நுரையீரல் நோயாளிக்கு ஆகாது என்றார். உடனே நிறுத்தினார்கள். அதற்குள் நெஞ்சில் கிருமியும் பற்றியிருந்தது. நைனா உயிரோடு வீடு திரும்பவில்லை.

சளியா, சொட்டு மருந்தா, எது காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. "வுடும்மா" என்று அண்ணாந்து கண்ணைத் திறந்து காட்டிய முகம்தான் நினைவில் நிற்கிறது.

இப்போது அம்மாவை எந்த டாக்டரிடம் அழைத்துப் போனாலும், சொட்டு மருந்து, களிம்பு உட்பட எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போகிறேன். கேட்காவிட்டாலும் எல்லா வியாதியையும் சொல்கிறேன்.

சொட்டு மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. தெலுங்கில் படித்த அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால்தான் இதை எழுத முடிந்தது.