சயனைடு மேட்டு ஆந்தைக்கு ஒரு லென்ஸ்

கேமராக் கடைக்காரனின் கஷ்டம் என்னவென்றால், வாங்குகிற அன்றைக்குச் சிரித்த முகத்தோடு போகிறவர்கள் எல்லோரும், சிரிப்பு தீர்ந்த பிறகு நேராக அவனிடம்தான் திரும்பி வருகிறார்கள். பறவையைப் படம் எடுக்கிறேன் என்று பெரிய லென்ஸ் வாங்கி அலமாரியில் தூங்க வைத்திருப்பவரா நீங்கள்? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள். மஸ்கட்டில் பல வருடம் கேமரா விற்றுவிட்டு, தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டைக்கே திரும்பி இந்தச் சின்னக் கடையைப் போட்ட பிறகு எனக்கு உறவுக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

ஷிப்டு

கடைக்கு வருகிற யாரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்ளோ தூரம் இழுக்கும்?" என்பதுதான். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போகும் ஒருவரும் அதைத்தான் கேட்டார். இருப்பதிலேயே நீளமானதை வாங்கிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து, புதுக்கருக்கு மாறாமல் அதைத் திருப்பிக் கொண்டு வந்தார். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலையில் அவர் ரயிலில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் வீடு திரும்பும் நேரத்தில் பறவைகள் அடைந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவரே எழுந்திருப்பதில்லை. லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"குருவிங்களுக்கும் எனக்கும் ஷிப்டு ஒத்துவரலண்ணா."

அம்மிக்கல்

தயாளண்ணா அப்படி இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கச் சுரங்கம் மூடும்வரை நிலத்தடியில் பாறைக்குத் துளைபோட்டவர். அந்தத் தூசு இன்னமும் அவர் நெஞ்சில் இருக்கிறது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மனைவி சாந்தாக்காவோடு கடைக்கு வந்தவர், உட்கார்ந்து மூச்சு சமாதானமான பிறகு விஷயத்தைச் சொன்னார். சயனைடு விட்டுத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவுமண் எங்கள் ஊரில் குன்று குன்றாக நிற்கிறது. சயனைடு மேடு என்போம். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், மழை அறுத்த பள்ளம் ஒன்றில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. இரண்டு குஞ்சு. அதைத் தன் கையால் படம் எடுக்க வேண்டும். "இந்த வருஷம் ஏறிடுவேன் தம்பி. அடுத்த வருஷம் ஏற முடியாது. எனக்கே தெரியுது."

எடை குறைந்த சின்னக் கேமரா ஒன்றைக் காட்டினேன். ஆனால் அதை வைத்து எடுக்க வேண்டுமென்றால் கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும். போனால் தாய் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறந்துவிடலாம். இதையும் நான்தான் சொன்னேன். "அப்ப வேணாம், அதுங்கள இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று பெரியதையே எடுத்தார். சாந்தாக்கா அதை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார்.

"இவரு ஆந்தைய பாக்கப் போறாரா, அம்மிக்கல்ல தூக்கினு போறாரா?"

கேஜ் இல்லாத ஏற்றம்

முதல் தடவை பாதி மேட்டோடு திரும்பிவிட்டார்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்றைக் கொடுத்து, ஊன்றிக்கொண்டு ஏறலாம், மேலே போனதும் கேமராவை அதிலேயே மாட்டலாம் என்றேன். அடுத்த தடவை சாந்தாக்கா லென்ஸைப் பழைய புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். அண்ணாவிடம் தண்ணீர் பாட்டில் மட்டும். எதிர்ப்பட்டவர்கள், "இன்னாக்கா, பேரப்புள்ளையா?" என்று கேட்டார்களாம். "ஆமா, பால் குடிக்காது, அழுவாது" என்றிருக்கிறார் சாந்தாக்கா. அன்றைக்கு உச்சிவரை போய், குஞ்சுகளைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். படம் எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் கடையில் அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"லெவல் லெவலா நின்னு போனா ஏறிடலாம் தம்பி. மேல தூக்கினு போறதுக்கு, சுரங்கத்துல இருந்த நம்ம கேஜு லிப்டுதான் இல்ல."

ஈரத்துணி

மூன்றாவது தடவை போனபோது மேட்டில் காற்று. அந்த மண் மாவுபோல் நைசானது. காற்றடித்தால் புகையாக எழும். ஸ்டாண்டில் கேமரா, எதிர்ப் பள்ளத்தில் இரண்டு குஞ்சும் வெளியே வந்து நிற்கின்றன. தூசு வருவதைப் பார்த்த தயாளண்ணா துண்டைத் தண்ணீரில் நனைத்து, கேமராவையும் லென்ஸையும் சேர்த்து இறுகச் சுற்றிவிட்டார். காற்று அடங்கும்வரை மேலும் மேலும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பிரித்து எடுத்தால், கண்ணாடிக்கு உள்பக்கம் முழுக்க ஆவி. அந்த மங்கலோடு ஒரே ஒரு படம் விழுந்தது. பிறகு கேமராவும் நின்றுபோனது.

தூரத்தைச் சொன்னேன், எடையைச் சொன்னேன், ஸ்டாண்ட் கொடுத்தேன். நனைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. யார் நனைப்பார்கள்? பாலைவனத்து மணல்காற்றில் கேமரா பிடிப்பவர்களுக்கு விற்றவன் நான்; ஒருவர்கூட நனைத்ததில்லை. ஆனால் தயாளண்ணா பழகியது வேறு இடம். சுரங்கத்தில் தூசு அடங்கத் தண்ணீர் விடாமல் பாறையைத் துளைபோட்டவர்களின் நெஞ்சில் தூசு தங்கிவிட்டது. பிறகு தண்ணீர் விட்டுப் போட்டவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். கடையில் உட்கார்ந்து, சொட்டுகிற கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குத்தான் அன்னிக்கி யாரும் தண்ணி வுடல. இதாவது தப்பிக்கட்டும்னு சுத்தினேன் தம்பி."

இரண்டு படங்கள்

கேமராவும் லென்ஸும் பழுதுபார்க்கப் பெங்களூரு போயின. என்னுடையதைத் தருகிறேன், நானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அதற்குள் அவருக்கு மூச்சு முட்டி, கோலார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தபோது வாசற்படி ஏறுவதே பெரும்பாடு. அந்தப் பக்கம் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. இருக்க முடியாமல் நான் மட்டும் ஏறினேன். பறக்கத் தயாராக விளிம்பில் நின்றன இரண்டும். எடுத்ததிலேயே நல்ல படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்கெலட்டனுக்குப் போனேன்.

தயாளண்ணா அதை வெகுநேரம் பார்த்தார். "சூப்பரா கீது. இறகு ஒண்ணொண்ணும் தெரியுது," என்றார். பிறகு, "ஆனா இது நீங்க ஏறிப் பாத்ததுதான?" என்று மெதுவாகக் கேட்டு, சாந்தாக்காவிடம் கொடுத்து பத்திரமாக வைக்கச் சொன்னார். சுவரில் வேறொன்று ஏற்கெனவே ஃபிரேம் போட்டுத் தொங்கியது. அவர் எடுத்த ஒரே படம்: முழுக்க வெண்மங்கல், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளி, குஞ்சு ஒன்றின் கண்களாக இருக்க வேண்டும். இதில் ஆந்தை எங்கே என்று யாருக்கும் சொல்ல வராது. நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"சுரங்கத்துல வெடி வெச்ச பொகைல எதிர்ல ஆளு வந்தா, தொப்பி லாம்பு மட்டும் இப்பிடித்தான் தெரியும் தம்பி. யாரோ வராங்க, நம்ம தனியா இல்லன்னு அப்ப ஒரு தெம்பு வரும்."

இப்போதெல்லாம் லென்ஸைக் கையில் கொடுக்கும் முன், "தூசு வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று எல்லோரிடமும் கேட்கிறேன், எல்லோரும் சரியாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள், கேட்டிருக்க வேண்டிய ஒருவரிடம் மட்டும் "எவ்ளோ தூரம் இழுக்கும்" என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.