சும்மா ஏதோ படிக்குதுங்க

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாட்டனி என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும், அதைப் படித்தால் என்ன ஆகலாம் என்று. கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்காரர் கேட்டார். பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார். ஒரு கல்யாணப் பந்தியில், அதற்கு முன் நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஓர் அம்மாள், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கேட்டார். டீச்சர் ஆகலாங்க என்று சொன்னால் எல்லோரும் விட்டுவிடுவார்கள் என்று கண்டுபிடித்து, அதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன். டீச்சர் ஆக வேண்டுமென்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டது கிடையாது.

ஆசைப்பட்டது விவசாயப் படிப்புக்கு. எங்கள் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல் வயலும் இருக்கின்றன. வெயிலில் காயக் கூடாது என்றுதான் பிள்ளைகளைப் படிக்கவே வைக்கிறார்கள். காசு செலவழித்துப் படித்துவிட்டு மறுபடியும் தோப்புக்கே வருகிறேன் என்று ஒருத்தி சொன்னால் எந்த அப்பாவுக்குத்தான் பிடிக்கும்?

அந்த ஆசை வந்ததற்குக் காரணம் வெள்ளை ஈ. நான் பத்தாவது படித்தபோது எங்கள் தென்னைகளில் ஓலைக்கு அடிப்பக்கமெல்லாம் மாவு அப்பினதுபோல் வெள்ளை படர்ந்தது. கீழ் ஓலைகள் கரி பூசினதுபோல் கறுத்துப்போயின. அப்பா நேராக உரக்கடைக்குப் போனார். அங்கே இருப்பவர் எந்த பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுதான் மருந்து. நாற்றம் எவ்வளவுக்கெவ்வளவு மூக்கைத் துளைக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அப்பாவுக்கு நம்பிக்கை. நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். அந்த ஈயை ஒரு பொடிக் குளவி அழிக்கும், கடுமையான விஷத்தை அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான், வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்தாலே போதும் என்று போட்டிருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிற வேலையைப் பார் அம்மிணி என்றார். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் அது. இதையே படித்து ஆபீசராக வந்து இதே தோப்பில் நின்று சொல்கிறேன், அப்போது எப்படிக் கேட்காமல் போகிறார் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

நினைப்பதற்கு என்ன, சுலபந்தான். எங்கள் ஊர் இருக்கிற கேரளத்தில் அந்தப் படிப்பில் சேர, டாக்டர் படிப்புக்கு எழுதுகிற அதே நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதற்கு வெளியூரில் கோச்சிங் போக வேண்டும். நானோ பத்தாவது வரை தமிழ் மீடியம். மலையாளம் பேசினால் புரியும், பதிலும் சொல்வேன், பாடம் என்று வந்தால் தடுமாறுவேன். அப்போதுதான் பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் செய்யும் என் தாய்மாமா ஒரு வழி சொன்னார். கோயம்புத்தூரில் அதே படிப்புக்குப் ப்ளஸ் டூ மார்க் போதும், நுழைவுத் தேர்வெல்லாம் இல்லை. பிள்ளையைப் பதினொன்றாவதுக்கு இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும், இங்கெல்லாம் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்றார். படித்து முடித்தால் ஜீப்பில் வரலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்ன பிறகு அப்பாவும் இறங்கி வந்தார்.

இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? சேலை எடுப்பது, பல் பிடுங்குவது, சினிமா பார்ப்பது, பெண் எடுப்பது, பெண் கொடுப்பது எல்லாம் எங்களுக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில்தான். நில வரி, ரேஷன் கார்டு என்றால் மட்டும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று, எங்கள் தாலுகா ஆபீஸ் இருக்கிற கேரளத்துச் சித்தூருக்கு பஸ் ஏறுவோம். நாங்கள் பேசுவது தமிழ், அது தமிழ்நாடு, அப்புறம் என்ன? நாங்கள் அந்த மாநிலத்துக்காரர்கள் இல்லை என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நினைவு வந்தது பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்தில். போன முதல் வாரமே எனக்குக் 'கேரளா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேரளா, டஸ்டர் எடுத்துட்டு வா. கேரளா, உங்க வீட்ல தினமும் புட்டா? நான் அவர்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ் பேசுகிறவள். என்ன சொல்லி என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். படித்தேன் என்றால் அப்படி இப்படி இல்லை, உயிரைக் கொடுத்துப் படித்தேன். மார்க் வந்த அன்றைக்கு அம்மா தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள். அப்பா முதலமடைக்குப் போய் நல்ல மாம்பழமாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தப் பழம் தீர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விண்ணப்பத்துக்கு இருப்பிடச் சான்று கேட்டார்கள். அப்பா, மாமா, நான் மூன்று பேரும் பொள்ளாச்சி தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், எரிந்து விழவில்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாப்பா எட்டாவதிலிருந்து இங்கே படித்திருந்தால் பரவாயில்லை, இரண்டு வருஷந்தானே படித்திருக்கிறது, சொந்த ஊர் கேரளம் அல்லவா என்றார்.

"நாங்க தமிழுங்க" என்றார் அப்பா.

"தமிழுங்கறது செரிதானுங்க. கார்டு கேரளாவுங்களே."

"இல்லீங்க, நாங்க தமிழுங்க" என்று அப்பா மறுபடியும் சொன்னார், எதிரில் இருந்தவருக்குக் காது கேட்கவில்லை என்பதுபோலக் கொஞ்சம் சத்தமாக. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது. அந்த ஆள் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே டீக்கடையில் அப்பாவின் கோபம் என் பக்கம் திரும்பியது. இதையெல்லாம் நீ முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா, படித்தவள்தானே என்று கடைக்காரர் முன்னால் கத்தினார். தோப்பில் வாயைத் திறந்தால் நான் சின்னப் பிள்ளை. தப்பு யார் தலையில் விழ வேண்டும் என்று வரும்போது மட்டும் படித்தவள். அந்த டீயை நான் குடிக்கவில்லை.

மாமா வீட்டில் சாப்பிடும்போது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமாவின் யோசனை, என் பெயரை அவர்கள் வீட்டுக் கார்டில் ஏற்றிவிடலாம் என்பது. அத்தை சிரித்தாள். அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் சிரித்தாள். மாமா மகன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் சனத்தில் ஒரு பெண்ணின் பெயர் தாய்மாமன் வீட்டுக் கார்டில் ஏறுவதற்கு ஒரு வழிதான் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் காலேஜில் சீட்டு வேண்டும் என்றுதான் கேட்டேன், மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காராமல் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் சாலையின் எதிர்ப்பக்கத்துக்குத்தான் வந்தேன். சித்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் போய்ப் படிக்கிற ஓர் அரசுக் கல்லூரியில், எல்லோரும் எடுத்தது போக மிச்சமிருந்த இடங்களில் பாட்டனி கிடைத்தது. எதுக்கும் இருக்கட்டும், சேர்ந்துக்கோ என்றார் அப்பா. முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மலையாளத்தில் கேட்டாள், தமிழ்நாட்டில் எந்த இடம் என்று. கொழிஞ்சாம்பாறை என்றேன். அது எந்த ஜில்லாவில் வரும் என்றாள். அடிப்பாவி, உன்னுடைய ஜில்லாதான். இவளுடைய வீட்டுக்கும் என்னுடைய வீட்டுக்கும் இடையில் ஒரு மணி நேரப் பஸ் பயணம்கூடக் கிடையாது.

பாடம் புரிகிறது. வாத்தியார் நடுவில் மலையாளத்தில் சொல்லும் ஜோக்குக்கு மட்டும் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு நான் சிரிக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. பத்தாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எங்கேயும் போகவில்லை. இங்கேயே இருந்து, ஒரு முறை தோற்று, மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதி மாட்டு டாக்டர் படிப்புக்குப் போய்விட்டாள். கணக்கில் என்னைப் பார்த்து எழுதினவள் அவள். எனக்குப் பொறாமைதான், அதை எதற்கு மறைக்க வேண்டும்? மாமா சொன்னார், அப்பா சொன்னார் என்று நான் இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே எனக்குத் திறமை இருந்தால் நானும் எழுதி ஜெயித்திருக்க வேண்டுமா இல்லையா? இந்தக் கேள்வி பஸ்ஸில் தினமும் என்னோடு ஏறுகிறது.

போன மாதம் தோப்பில் மறுபடியும் வெள்ளை ஈ வந்தது. இந்த முறை உரக்கடை மருந்துக்கும் அடங்கவில்லை. எங்கள் ஊர் விவசாய ஆபீசான கிருஷி பவனில் புதிதாக ஓர் அக்ரி ஆபீசர் வந்திருந்தார். கோட்டயம் பக்கத்துப் பெண். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். ஸ்கூட்டரில் தோப்புக்கே வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவின் மலையாளம் ரேஷன் கடை வரைக்குந்தான் போகும். எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டோரத்துக் குட்டைத் தென்னையின் ஓலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். கடுமையான விஷத்தை அடிக்காதீர்கள், ஈயை அழிக்கிற குளவி செத்துப்போகும். லிட்டருக்கு இத்தனை வேப்பெண்ணெய், கூடச் சோப்புத் தண்ணீர், ஓலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாங்க மேடம், செரிங்க மேடம் என்று தலையாட்டினார். என்னுடைய வாயிலிருந்து, என்னுடைய குரலில், நான் பத்தாவதில் சொன்ன அதே வார்த்தைகள். அப்பாவின் கண் மட்டும் அந்தப் பெண்ணின் மேலேயே இருந்தது.

கிளம்பும்போது அவர் மரியாதைக்காக அப்பாவைப் பார்த்து, மகள் என்ன படிக்கிறாள் என்று மலையாளத்தில் கேட்டார். அப்பாவுக்குப் பிடிபடவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்கிறார் என்றேன்.

"சும்மா ஏதோ படிக்குதுங்க மேடம். கண்ணாலம் ஆவற வரைக்கும் ஊட்ல சும்மா உக்காந்திருக்க வேண்டாமுன்னு அனுப்பறமுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், நான் மலையாளத்தில் சொல்லட்டும் என்று. மாற்றிச் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. நிஜமாகவே என்ன படிக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். பாட்டனி என்றேன். நல்ல சப்ஜெக்ட் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அவரை வெறுக்கலாம் என்று பார்த்தேன், அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பஸ் சித்தூரை நெருங்கும்போது அப்பாவிடமிருந்து போன். அந்த மேடம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு எத்தனை என்று சொன்னார், மறந்துவிட்டது என்றார்.

"சும்மா ஏதோ படிக்கறவளுக்கு அதெல்லாம் எப்படிங்கப்பா தெரியும்?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருந்தடிக்கிற ஆள் வந்து நிற்கிறான் என்று மட்டும் சொன்னார் அப்பா.

"அஞ்சு மில்லி. சோப்புத் தண்ணியக் கலந்துக்குங்க. வேற எதையும் சேக்காதீங்க."

"மேடம் அஞ்சுன்னுதான் சொன்னாங்களா?"

"மேடம் சொன்னது இருக்கட்டுங்கப்பா. நான் சொல்றேன்."

போன் கட்டாகிவிட்டது. அன்றைக்கு வகுப்பில் வாத்தியார் சொன்ன ஜோக்குக்கு நான் மற்றவர்களோடு சேர்ந்தே சிரித்தேன். அப்பா என்னிடம் கேட்டாரே, நான் சொன்னேனே என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள்கூடப் போகாமல் பையோடு தோப்புக்குப் போனேன். வேப்பெண்ணெய் வாசம் தூரத்திலேயே வந்தது. குட்டைத் தென்னையின் ஓலையைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் நன்றாக நனைந்திருந்தது. மரத்தடியில் வேப்பெண்ணெய் டின் இருந்தது. அதன் பக்கத்தில் உரக்கடை பாட்டில் ஒன்று மூடி இல்லாமல் காலியாகக் கிடந்தது.

அப்பா வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

"நீ சொன்னதத்தான் ஊத்தினேன் அம்மிணி" என்றார். "எதுக்கும் இருக்கட்டுமேன்னு அதையும் கொஞ்சம் கலந்தேன்."