கட்டைவிரலில் இருந்த தடம்

தொண்ணூற்றொன்று மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, பிணவறை மேஜைக்கு இரு பக்கமும் நின்று டாக்டர் காசிநாதனும் தைலம்மாளும் பேசிக்கொண்டது ரஜியாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ரஜியா ஆஸ்பத்திரியின் தட்டச்சர். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டிருந்தாள்.

மேஜையில் கிடந்தவன் தங்கதுரை. ரிஷிவந்தியம் பக்கத்துக் கூலிக்காரன். கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போன இடத்தில் செத்துப்போனான். பெண்டாட்டி கழுத்தை நெரித்துவிட்டாள் என்று அவன் தாய் ரங்கம்மாள் புகார் கொடுத்திருந்தாள். தாடைக்கடியில் கயிறு அழுந்திய பள்ளம் இருந்தது. கயிற்றின் முறுக்குகூடத் தோலில் தெரிந்தது. டாக்டர் அதை அளந்து சொல்லி முடித்தபோது, உதவிக்கு நின்ற தைலம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

“சார், கால பாத்தீங்களா?”

காலில் என்ன என்று கேட்டார் அவர்.

“கட்டவெரல பாருங்க. ரெண்டுலயும் அதே கவுறுதான்.”

டாக்டர் குனிந்தார். இரண்டு கட்டைவிரல்களின் வெளிப்பக்கத்திலும் அதே முறுக்கு. விரலை யார் நெரிப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். வாய் திறந்துகொள்ளும், கால் அகண்டுவிடும் என்று எந்த வீட்டிலும் செத்தவருக்கு இரண்டையும் கட்டுவார்கள், துணியில் கட்ட வேண்டியதை இவன் பெண்டாட்டி சாக்குச் சணலில் கட்டியிருக்கிறாள் என்றாள் தைலம்மாள். தடம் காதுக்கு முன்னால் ஏறி உச்சந்தலைக்குப் போகும், முடியை விலக்கிப் பாருங்கள் என்றாள். விலக்கினார். அப்படித்தான் போயிருந்தது. கட்டு இப்போது எங்கே என்று கேட்டார்.

“போலீசு வராங்கன்னு அவுத்துப் போட்டிருக்கும். வேற இன்னா பண்ணும் அது?”

“நீ பாத்தியா?”

“நான் எங்க சார் பாத்தேன்? நான்தான் இங்கியே கீறேனே.”

டாக்டர் சிரிக்கவில்லை. கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கப் போவதாகச் சொல்லி, விளக்கைத் திருப்பச் சொன்னார். பேச்சு அத்தோடு நின்றது.

உயிரோடு இருக்கும்போது நெரித்திருந்தால் அடியில் ரத்தம் கன்றியிருக்க வேண்டும். ஒரு பொட்டுகூட இல்லை. தொண்டை எலும்பும் முழுசாக இருந்தது. ஆனால் முதுகில் தேங்கிய ரத்தம் ஊதாவாக இல்லாமல் செம்பருத்திச் சிவப்பாக இருந்தது. கரிநெருப்பின் விஷவாயு ஏறினால் அந்த நிறம் வரும். டாக்டர் ரத்தத்தைக் குப்பியில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பதில் வரும்வரை முடிவு எழுத முடியாது என்று எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டார்.

தைலம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் வீரமுத்து அதே பிணவறையில் வேலை பார்த்தவன். அவன் மஞ்சள்காமாலையில் போனபின் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். பிரசவ வார்டில் இடமிருந்தும் அவள் பிணவறையைத்தான் கேட்டு வாங்கினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், “வார்டுல ஆளாளுக்கு ஏய்னு கூப்புடுவாங்க. இங்க யாரும் கூப்புடறதில்ல” என்றாள். வெற்றிலை போடுவாள், உள்ளே மட்டும் போடமாட்டாள். செத்தவரின் பெயரைக் கேட்காமல் தண்ணீர் ஊற்றமாட்டாள். வேலை முடிந்ததும் வெளியே போய், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொள்வாள். ஆறுதல் சொல்லத் தனக்கு வராது என்பாள்.

அன்றும் அப்படித்தான் தங்கதுரையின் மனைவி இருசம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தைலம்மாள் கேட்காமலே எல்லாம் வெளியே வந்தது. மலைக்குளிருக்கு எண்ணெய்த் தகரத்தில் கரி போட்டுக் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. இவள் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கொட்டகைப் பெண்களோடு போய்ப் படுத்தாள். அவன் கதவிடுக்கையெல்லாம் சாக்கால் அடைத்துக்கொண்டு படுத்தவன், விடிந்தபோது எழவில்லை. கையில் கிடைத்த சணலில் வாயையும் காலையும் கட்டினாள். சாவு விழுந்த இடத்தில் நெருப்பு இருக்கக்கூடாது என்று பெண்கள் தகரத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். போலீஸ் வரும், எதுவும் பிணத்தில் இருக்கக்கூடாது என்று கூலியாட்களை ஏற்றி வந்த லாரி டிரைவர் மிரட்ட, இருசம்மாள் கட்டுகளையும் அவிழ்த்து எறிந்தாள். போலீஸ் அங்கே போய்ப் பார்த்தபோது நெருப்பும் இல்லை, கயிறும் இல்லை. கழுத்துத் தடம் மட்டும் இருந்தது. முந்தின நாள் சண்டையைக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

அவளைக் கைது செய்யவில்லை. ஆனால் ரங்கம்மாள் நான்கு வயதுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொன்றவள் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று ஊரில் சொல்லிவிட்டாள். ஊரும் அவள் பக்கம் நின்றது. ஏழு வாரம் இருசம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, சென்னையிலிருந்து காகிதம் வந்ததா என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாள். வரவில்லை என்று தைலம்மாள்தான் சொல்லி அனுப்புவாள். ஒருமுறை, பாப்பா தன்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பாட்டி புடவையில் ஒளிந்துகொண்டது என்று இருசம்மாள் சொன்னாள். தைலம்மாள் உள்ளே வந்து, தரையை இரண்டாம் தடவை கழுவினாள்.

எட்டாம் வாரம் பதில் வந்தது. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு, உயிரை எடுக்கும் அளவுக்கு. கழுத்திலும் விரலிலும் உள்ள தடங்கள் இறந்தபின் கட்டியதால் வந்தவை, நெரித்த குறி எதுவும் இல்லை என்று டாக்டர் முடிவு எழுதினார். ரஜியா அதை ஆங்கிலத்தில் அடித்தாள். நகல் வாங்க மாமியாரும் மருமகளும் தனித்தனியே வந்து, வராந்தாவின் இரண்டு முனையில் நின்றார்கள். குழந்தை ரங்கம்மாள் இடுப்பில் இருந்தது. கையெழுத்து வைத்துக் காகிதத்தை வாங்கியும் இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே தவிர, நகரவில்லை.

ரஜியா தன் இடத்துக்குத் திரும்பப் போனாள். ஆபீசில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. தைலம்மாள் வந்து வழியில் நின்றுகொண்டாள்.

“ரஜியாம்மா, இதுல எழுதிகீறத தமிழ்ல படிச்சு சொல்லு. இருசாகிட்ட மட்டும் சொல்லாத. அந்தம்மா காதுலயும் வுழணும். நடுவுல நின்னு சத்தமா படி.”