நாகையா பேரில் ஒரு கவர் நோட்டு

கிள்ளானில் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஒரு போட்டோஸ்டாட் கடையின் மூலையில் எனக்கு ஒரு மேசை இருந்தது. அதில் உட்கார்ந்து பதினாறு வருஷம் கார் இன்சூரன்ஸ் எழுதினேன். எழுதியதைவிட வாய் வலிக்கப் பதில் சொன்னதுதான் அதிகம். லைசென்ஸ் முடிந்து பத்து நாள் ஆகிறது, ஓட்டலாமா அண்ணே? ஓட்டக்கூடாது. எல் போர்டு போட்டவன் பக்கத்தில் ஆளில்லாமல் பாசார் வரைக்கும் போய்வரலாமா? கூடாது. மச்சான் ஓட்டி இடித்தால் கம்பெனி கொடுக்குமா? மச்சானிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு வா. தர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் போதாதா? உன் கார் நொறுங்கினால் உனக்கு ஒரு காசு வராது, எதிராளிக்குத்தான் வரும், பரவாயில்லையா? எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசலில் நிற்கிற இன்னொரு ஏஜெண்டிடம் போய் அதையே திரும்பக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஐம்பது வயதில் ஓய்வு பெற்றவன் நான். மிச்சக் காலத்தை இப்படியா கழிக்க வேண்டும் என்று அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அப்படிக் கேட்க வந்தவர்களில் ஒருவர்தான் காப்பாரிலிருந்து வந்த வீரம்மா. 1981இல் முதன்முதலாக வந்தார். வயது நாற்பத்தொன்று. கணவர் நாகையா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். பழைய டட்சன் ஒன்றை வாங்கியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் போட்ட கீரையையும் வெண்டைக்காயையும் காலையில் கிள்ளான் பாசாருக்குக் கொண்டுவர வேண்டும். அவர் லோரிக்குப் போய்விடுவார். ஆகவே காரை வீரம்மாவே ஓட்டுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது ஐயா. லைசென்ஸ் குடுப்பாங்களா?"

"எழுதத் தேவையில்லை அம்மா. படத்தைக் காட்டி வாயாலதான் கேப்பினம். மலாயில சொன்னாப் போதும்."

"பாசார் மலாய்தான் வரும்."

"அது காணும்."

நாகையா ஒரு மாதம் அடுப்படிக் கதவில் சாக்குக்கட்டியால் சாலைக் குறிகளை வரைந்து போட்டாராம். சோறு வடித்துக்கொண்டே வீரம்மா அவற்றை ஒப்பித்திருக்கிறார். கேள்வியில் முதல் தடவையே தேறிவிட்டார். ஓட்டிக்காட்டுவதில்தான் தகராறு. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் இரண்டு தடவை பின்னால் வந்துவிட்டது. மூன்றாம் தடவை ஏறியது. அன்றைக்கு என் மேசையில் ஒரு கட்டு முளைக்கீரையை வைத்துவிட்டுப் போனார். எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்தவன், பொம்பளை ஓட்டி வருகிற கீரை என்று கிண்டல் பண்ணினான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் நாகையா வந்து, சொந்தக் காருக்கும் சேர்த்து முழு இன்சூரன்ஸாகவே புதுப்பிப்பார். அதிகம் பேசாத மனிதர். விபத்தில்லாமல் ஓட்டுகிறவருக்குக் கம்பெனி வருஷாவருஷம் கட்டணத்தில் கழிவு தரும். ஐந்து வருஷம் சேர்ந்து அவருக்கு முழுக் கழிவும் வந்துவிட்டது. பாதி நாள் ஓட்டியது பெண்சாதி, பெயர் அவருக்கு. கழிவு எழுதிய அந்த இன்சூரன்ஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது மட்டும் மனிதர் கொஞ்சம் சிரிப்பார்.

1987 ஜனவரியில் நாகையா இறந்துபோனார். லோரியிலிருந்து இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மார்ச்சில் வீரம்மா தனியாக வந்தார். பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. காரின் உரிமைப் பத்திரத்தை, கிராண்டு என்போமே, அதை மேசையில் வைத்தார்.

"அவர் பேர்லயே எழுதிருங்க ஐயா."

"ஏலாது அம்மா. செத்தவர் பேரில இன்சூரன்ஸ் எழுதேலாது. கிராண்டை உங்கட பேருக்கு மாத்திக்கொண்டு வாங்கோ."

"வருஷம் திரும்பாம அவர் பேரை எதுலயும் எடுக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. எனக்கும் மனசு வரல. தெவசம் முடியட்டும், நானே வந்து மாத்துறேன்."

இது அவர்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். ஆண்டுத் திவசம் வரைக்கும் இறந்தவரின் பெயரில் கை வைக்கமாட்டார்கள். வீட்டு வரி, கரண்டு பில், கார் எல்லாம் அவர் பெயரிலேயே கிடக்கும். எனக்கு இது தெரியும். கம்பெனிக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

"பேரை மாத்தினா கழிவும் போயிருமாமே?" என்று கேட்டார்.

"ஓம். அது அவருக்குக் குடுத்தது."

"அவரு யாரையும் இடிக்காம ஓட்டினாருன்னு இன்சூரன்ஸ் தாள்ல மட்டுந்தான் எழுதியிருக்கு. ஒரு வருஷம் இருக்கட்டும் லா."

நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்க வேண்டும். மாதக் கடைசி. அம்மாவுக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். மணி இரண்டாகியும் நான் சாப்பிடவில்லை. பேனாவை எடுத்து நாகையா பேரில் இன்சூரன்ஸ் சீட்டான கவர் நோட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். இரக்கப்பட்டு எழுதினேன் என்று பிற்பாடு என் மனைவியிடம் சொன்னேன். அது சும்மா. எனக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

நவம்பரில் மழை பிடித்தது. ஒரு காலை, முன்னால் போன லோரியிலிருந்து செம்பனைக் குலை ஒன்று சாலையில் விழுந்திருக்கிறது. வீரம்மா காரை ஒடித்தார். கார் புரண்டு சாலையோரச் சாக்கடைக்குள், லோங்கான் என்போமே, அதற்குள் போய்விட்டது. வேறு யாருக்கும் அடியில்லை. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பட்டறைக்காரன் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இனி இரும்புக் கடைக்குத்தான் என்று கையை விரித்தான். கம்பெனி கொடுத்தால் இன்னொரு பழைய கார் வாங்கலாம். கொடுக்காவிட்டால் பாசார் பிழைப்பு அதோடு சரி. காலை பஸ்ஸில் நாலு கூடைக் கீரையை யார் ஏற்றிக்கொள்வார்கள்?

கம்பெனிக்காரர்கள் விசாரித்தார்கள். பத்து மாதத்துக்கு முன் இறந்தவர் எட்டு மாதத்துக்கு முன் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார் என்பது தெரியவர எத்தனை நாள் ஆகும்? என்னைப் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். விநாயகமூர்த்தி என்கிற அதிகாரி, முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை, கோப்பை விரித்து வைத்துக்கொண்டு பேசினார்.

"அங்கிள், ரெண்டே வழிதான். உங்களுக்குத் தெரிஞ்சு எழுதியிருந்தா அது நம்ம பக்கத்துத் தப்பு. கம்பெனி அந்த அம்மாவுக்குக் குடுத்துத்தான் ஆகணும். ஆனா உங்க ஏஜென்சியை எடுத்திருவாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னா, அம்மா மறைச்சுட்டாங்கன்னு கிளோஸ் பண்ணிருவோம்."

ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். வீரம்மாவின் வாக்குமூலம். கீழே கைநாட்டு. விநாயகமூர்த்தி தமிழில் சொல்லிக் காட்டினார்: ஏஜெண்டுக்கு ஒன்றும் தெரியாது, என் வீட்டுக்காரர் ரவாங்கில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி நான்தான் வாங்கினேன்.

"இது சரிதானே அங்கிள்?"

வீட்டில் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. மகள் புனிதவதி ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, வேறு பிழைப்பு இல்லை. இதெல்லாம் அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் எதுவும் வரவில்லை.

"சரிதான்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கம்பெனியின் கடிதம் ஆங்கிலத்தில் போகும், அதைப் படித்துக்காட்ட அந்த வீட்டில் ஆளில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் நானே காப்பாருக்குப் போனேன். வீரம்மா கட்டுப்போட்ட கையோடு கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் எடுத்துவந்த கடிதத்தைப் படித்துச் சொன்னேன். பாலிசி செல்லாது, நஷ்ட ஈடு கிடையாது, கழிவும் ரத்து.

"அப்போ அவரோட அஞ்சு வருஷமும் போயிருச்சா ஐயா?"

"போயிட்டுது அம்மா."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்காக ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நாந்தானே உங்களை எழுதச் சொன்னேன். உங்க வேலை போயிரும்னு அந்தக் கம்பெனித் தம்பி சொன்னாரு. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. காருக்குக் காசு கிடைக்காதுன்னு அந்தத் தம்பி சொல்லல."

அது எனக்குச் சுரீர் என்றது. அந்த அம்மாவுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். முழுதும் தெரிந்த நான் ஒருத்தன் இருந்தேன், நானும் வாயைத் திறக்கவில்லை.

"நான் நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லுறன். எனக்குத் தெரியும் எண்டு எழுதிக் குடுக்கிறன். உங்களுக்கு கார் கிடைக்கும்" என்றேன்.

வேண்டாம் ஐயா, உங்கள் பிழைப்பு போய்விடும் என்று அவர் சொல்வார் என நினைத்தேன். அதை நம்பித்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

"சொல்லிருங்க ஐயா" என்றார் வீரம்மா. "எனக்கு கார் வேணும்."

காப்பி கலந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் போகவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள் மழை இல்லை, அன்றும் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரே ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வீரம்மா என் மேசைக்கு வந்தார். முன்னால் நின்ற இரண்டு பேரையும் நான் முடித்து அனுப்பும்வரை காத்திருந்தார்.

"போனீங்களா ஐயா?"

"இன்னும் இல்லை அம்மா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கூடையைச் சரி பண்ணிக்கொண்டு பாசார் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா தினமும் அந்த வழியாகத்தான் போனார். ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.