வைஸில் கவ்விய இரண்டு துப்பாக்கிகள்

ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. யார் துப்பாக்கி வைத்திருக்கலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், தேர்தல் அறிவித்தால் எந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். எது முன்பக்கம் என்பதைத் தவிர துப்பாக்கியைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. ஓய்வு பெற்றபின் உரிமமே தேவைப்படாத ஒரு கைத்துப்பாக்கியை வாங்கினேன். பத்து மீட்டர் போட்டிகளில் சுடுகிற வகை. அழுத்திய காற்று ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளும், அவ்வளவுதான்.

வாங்க வைத்தவன் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மூத்தோர் போட்டிகளில் அவன் பதக்கம் வாங்குவான், நான் சான்றிதழ் வாங்குவேன். கலந்துகொண்டதற்கான சான்றிதழ்.

சென்ற ஆண்டு அவனுடைய குண்டுகள் இடப்பக்கமாகக் கீழே இறங்கத் தொடங்கின. பத்தும் ஒன்பதுமாகப் புள்ளிகள் விழுந்த குறி அட்டையில் ஏழும் ஆறும் விழுந்தன. காற்று உருளையை மாற்றினான். குறிபார்க்கும் தகட்டைத் திருகினான். மூக்குக் கண்ணாடியை மாற்றினான். அவன் மனைவி வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சாயாக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அது ஒரு தடவைக்கு மேல் சத்தமிட்டது. நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் அவனைத் தாளில் ஒரு சுருளை வரையச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார், பிறகு நடுக்குவாதம் என்றார். அவன் மாத்திரைகளை வாங்கி வந்து ஃபிரிட்ஜின் தலையில் வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான். துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும். அதில் கோளாறு இருந்தால் மாத்திரை வேண்டாம், இல்லையென்றால் விழுங்குகிறேன்.

அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணே, டாக்டரு சொன்னா நம்ப மாட்டாராம். நீங்க சோதிச்சுச் சொன்னா நம்புவாராம். சீக்கிரம் வந்துட்டுப் போங்க.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “துப்பாக்கி நல்லா இருக்கணும்னு செபிக்கவா, கெட்டுப் போயிருக்கணும்னு செபிக்கவான்னு தெரியல்லண்ணே.”

எல்லாவற்றுக்கும் வழிமுறை சொல்லிப் பழகிய நான், என் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

இரண்டு துப்பாக்கிகளில் எது துல்லியம் என்று பார்க்க முதலில் மனிதனை அப்புறப்படுத்த வேண்டும். பட்டறைகளில் இரும்பைக் கவ்வி நிறுத்தும் வைஸில் துப்பாக்கியைப் பூட்டுவார்கள். ஒரே டப்பாவிலுள்ள குண்டுகள், ஒரே தூரம், ஓர் அட்டைக்கு ஐந்து குண்டு. நல்ல துப்பாக்கியானால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே துளையில் போகும். துளைகள் எவ்வளவு பரவுகின்றனவோ அவ்வளவு மோசம். சந்தேகமில்லாத துப்பாக்கி ஒன்று ஒப்பிடுவதற்கு வேண்டும். அது என்னுடையது.

அவன் வீட்டுக்குப் பின்னால், முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய நீளக் கொட்டகை இருக்கிறது. மேசையில் வைஸைப் பூட்டி, மேசைக்கால்கள் அசையாமலிருக்க நான்கு சாக்குப் பைகளைச் சாத்தியிருந்தான். ஒன்றை நகர்த்தப் பார்த்தேன், நகரவில்லை. கருமணல். அரசு அனுமதியில்லாமல் அள்ளக் கூடாத, கனமான கடற்கரைக் கனிம மணல்.

“மணவாளக்குறிச்சியா? அள்ளுறதுக்கு அனுமதி வாங்குனியா?”

“கடலுக்கு மனு போட்டிருக்கேன் மக்கா. பதில் வரல்ல.”

“மனுவுக்கு நகல் வச்சிருக்கியா?”

“ஏலே, உன்னைய அடக்கம் பண்ணும்போதும் ரெண்டு நகல் கேப்ப நீ.”

முதலில் என் துப்பாக்கி. நானே குண்டு போட்டு நானே விசையை இழுத்தேன். அட்டையில் ஐந்து குண்டுக்கும் சேர்த்து ஒரு துளை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அடுத்து அவனுடையதைப் பூட்டிவிட்டுக் குண்டு டப்பாவை எடுத்தேன். அவன் என் கையிலிருந்து அதை வாங்கினான்.

“விசைய நீ இழு. என் துப்பாக்கிக்கு என் கைதான் குண்டு போடும். இத்தன நாளும் அப்பிடித்தான்.”

இரண்டுக்கும் ஒரே ஆள்தான் குண்டு போட வேண்டும் என்பது முறை. அவன் முகத்தைப் பார்த்தேன், முறையைச் சொல்லவில்லை.

அவன் அட்டையில் ஐந்து துளைகள் தனித்தனியாக விழுந்திருந்தன. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால்தான் மூடும்.

“பாத்தியா! ஏலே, பாத்தியா! நான் சொன்னேம்லா!” கொட்டகை வாசலுக்கு ஓடினான். “ஏட்டி! இங்க வா! துப்பாக்கிதான் கெட்டுப் போச்சு!”

அவள் ஈரக்கையோடு வந்தாள். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அவளுக்கு அட்டை விளங்கியதோ என்னவோ, அவன் சிரிப்பு விளங்கியது. அவளும் சிரித்தாள்.

“அந்த மாத்திரையக் கொண்டு ரப்பர் மரத்து மூட்டுல உரமாப் போடு. நல்லாப் பால் சுரக்கும்.”

நான் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருகுகள் இறுக்கமாக இருந்தன. காற்றழுத்தம் சரியாக இருந்தது. வைஸ் அசையவில்லை. கீழே ஒரு குண்டு கிடந்தது, அவன் கையிலிருந்து தவறியது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். அந்தக் குண்டுகளின் பின்விளிம்பு பாவாடைபோல மெல்லியதாக இருக்கும். விரலால் அழுத்தினால் வளையும். இதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி முட்டை வடிவத்தில் இருந்தது. கை ஆடுவது தெரியாமலிருக்க, அவன் ஒவ்வொரு குண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். நசுங்கிய குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்தும் நேராகப் போகாது.

அந்தக் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் பேருந்து ஏறியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச காலத்துக்குச் சிரித்துக்கொண்டும் இருந்திருப்பார்கள். மாத்திரை ரப்பர் மரத்துக்குப் போயிருக்கும்.

“இன்னும் ஒரு சுற்று இருக்கு,” என்றேன். “மாத்திப் பாக்கணும். உன் துப்பாக்கிக்கு நான் குண்டு போடுதேன். என்னதுக்கு நீ போடு.”

எத்தனையோ வருடம் மாணவர்களுக்குச் சோதனைச் சாலையில் இதையே சொன்னவன் அவன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

“சரி,” என்றான். “மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கணும். அதானே முறை.”

நான் குண்டு போட்ட அவன் துப்பாக்கி, ஒரே துளையில் சுட்டது. அவன் குண்டு போட்ட என் துப்பாக்கியின் துளைகள் நாணயத்துக்கு வெளியேயும் போயிருந்தன. நான்கு அட்டைகள் மேசையில் கிடந்தன. அவள் அவற்றை மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்பம் எந்தத் துப்பாக்கிண்ணே கெட்டது?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் டப்பாவை மூட முயன்றுகொண்டிருந்தான். உள்ளே மிச்சக் குண்டுகள் கிலுகிலுவென்று ஓசையிட்டன. மூடியை விட்டுவிட்டு டப்பாவை மேசையில் வைத்த பிறகுதான் ஓசை நின்றது.

“கைய வெளிய நிறுத்தியாச்சுன்னு நெனச்சேன் மக்கா,” என்றான் என்னிடம். “குண்டு போடுறதும் கைதானே.”

பிறகு அவளிடம் திரும்பினான்.

“ரெண்டும் நல்ல துப்பாக்கிதான். நீ தண்ணி எடுத்துட்டு வா.”

இத்தனை நாளும் அவள் கேட்டு மன்றாடியது இதைத்தான். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். செம்பில் தண்ணீரும் மாத்திரை அட்டையுமாகத் திரும்பி வந்தாள்.

அவன் மணல் சாக்கின்மேல் உட்கார்ந்து, குண்டு போடுவதைப் போலவே, கட்டைவிரலால் மாத்திரையைத் தள்ளினான். அது நொறுங்கி ஒரு பாதி தரையில் விழுந்தது. அவள் அவன் கையிலிருந்து அட்டையை எடுத்தாள். சற்றுமுன் குண்டு டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவன், இப்போது கையை நீட்டினான். அவள் வேறொரு மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அது வைத்த இடத்தில் நிற்காமல் உள்ளங்கைக்குள்ளேயே உருண்டது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.