சுப்ராயன் நிமிர்த்திய டாப்பு

குரும்பகரத்து முத்தையனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கோவிந்தராசு வயலோடு நின்றுவிட்டான். நடுவில் அல்லி, அவளைக் கோவில்பத்தில் கொடுத்தார்கள். கடைக்குட்டிதான் சுப்ராயன். சேற்றில் இறங்கினால் காலெல்லாம் சொறி கிளம்புகிறது என்று சொல்லிச் சொல்லியே வயலிலிருந்து தப்பித்து, தலத்தெருவில் ரிக்‌ஷா பட்டறை போட்டவன். காரைக்காலில் ஓடின சைக்கிள் ரிக்‌ஷாக்களில் பாதிக்கு மடக்கு டாப்பு அவன் கைவேலை. பட்டை இரும்பை வளைப்பான், ரிவிட் அடிப்பான், மேலே ரெக்சின் இழுத்துத் தைப்பான். காருக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒட்ட வைத்தவன் சுவாமிநாதன். சுப்ராயன் பெண்டாட்டி செல்லத்துக்கு இவன் சித்தப்பா மகன். ஆக, மச்சான் முறை. காரைக்காலில் வசதியாக இருந்த ஆஸியா பீவி வீட்டில் ரொம்ப வருஷமாக டிரைவர். அந்த வீட்டில் பிரெஞ்சுக் கார் ஒன்று நின்றது. வெள்ளைக்காரன் ஊரை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினபோது ஆஸியா பீவியின் மாமனார் வாங்கினது. ஸ்டீயரிங் இடது பக்கம். டாப்பு மடக்கு டாப்பு. வேண்டும் என்றால் தூக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி போடலாம், வேண்டாம் என்றால் பின்சீட்டுக்குப் பின்னால் மடித்துப் போடலாம். அவள் வீட்டுக்காரர் காதர் பாட்சா மௌத்தாகி அடக்கமான பிறகு மடித்தது மடித்தபடியே கிடந்து, கடற்காற்றில் துருவேறி, மேலே எழும்பாமல் போய்விட்டது.

எண்பத்து மூன்றில் இளைய மகன் கமாலுதீன் துபாயிலிருந்து கல்யாணத்துக்கு வந்தான். வந்ததும் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உம்மா, இந்த டாப்ப அறுத்துப் போட்டுடுவோம். ஊர்வலத்துக்குத் தொறந்த வண்டிதானே வேணும்" என்றான்.

"ஊர்வலம் உனக்கு. விருந்து எனக்கு. டாப்பு மேல நிக்கணும்" என்றாள் ஆஸியா பீவி.

அவள் சொன்னதில் காரியம் இருந்தது. அவர்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவார். முதல் விருந்துக்கு மட்டும் மாமியார் போய் மருமகளை அழைத்து வருவாள். அதற்குமேல் வருவதும் வராததும் மருமகள் மனசு. ஆஸியா பீவியை அவள் மாமியார் இந்தக் காரில்தான் டாப்பைத் தூக்கி, பக்கத்துக்குத் திரை போட்டு அழைத்து வந்தாள். மூத்த மகன் கல்யாணத்தின்போது டாப்பு எழும்பவில்லை. விருந்துக்கு வாடகைக் கார் பிடித்தார்கள். அந்த மருமகள் மஹ்பூபா வந்தாள், சாப்பிட்டாள், போனாள். பெருநாளைக்குப் பெருநாள் முகம் காட்டுவதோடு சரி. வண்டி சரியில்லாததால்தான் அப்படி ஆயிற்று என்று ஆஸியா பீவி மனசில் விழுந்துவிட்டது. இந்த மருமகளையும் அப்படி விட அவள் தயாராக இல்லை.

சுப்ராயனைக் கூட்டி வந்து காட்டினார்கள்.

"மச்சான், ரிக்‌ஷா கூண்டு மாதிரி பண்ணி வச்சிடாதே. எறங்கறவங்க என்கிட்ட சவாரிக்காசு குடுத்துடப் போறாங்க" என்றான் சுவாமிநாதன்.

"நீ ஓட்டற லட்சணத்துக்கு ரிக்‌ஷாவே தேவலன்னுதானே எல்லாரும் சொல்றாங்க" என்றான் சுப்ராயன்.

கிழிந்த துணியை உரித்துவிட்டுச் சட்டத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். மூட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மூன்று வளைவுகளில் நடு வளைவு முறுக்கு மாதிரி நொறுங்கியது; அதைப் புதிதாக வளைத்துப் போட்டான். டாப்பைத் தாங்குகிற இரும்புக் கைகளில் வலது பக்கத்துக் கை மட்டும் கீழ்ப்பக்கமாகத் தொய்ந்து வளைந்திருந்தது. துரு தின்று பலம் போய் வளைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, உலையில் காய்ச்சி நிமிர்த்தினான். பழைய ரிவிட்டுக்குப் பதில் போல்ட்டு, மேலே செங்காவி பெயிண்டு, அதற்குமேல் கறுப்பு. காரில் மாட்டிப் புதுக் கான்வாஸ் அடித்து ஒரு கையால் தூக்கினான். சத்தமில்லாமல் எழும்பி வந்து இரண்டு கொக்கியும் டக்கென்று விழுந்தன. ஆஸியா பீவி கதவோரம் நின்று பார்த்தாள்.

"இன்னொரு தடவ தூக்குங்க தம்பி" என்றாள். தூக்கினான். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தூக்கினான்.

ஊர்வலத்தன்று பொழுது சாயும் நேரம் டாப்பை மடித்துப் பூச்சரம் சுற்றிக் காரை வாசலில் நிறுத்தினார்கள். சுப்ராயனும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தான். மாலையோடு கமாலுதீன் வந்தான். "வலது கால வச்சு ஏறுப்பா" என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். இரண்டு பேர் தூக்கிவிட, கமாலுதீன் மடித்த டாப்பின் வலது இரும்புக் கைமேல் காலை ஊன்றி ஏறி, ஊரார் பார்க்க உயரமாக அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

கொட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தான் நிமிர்த்தின அந்த இரும்பு கீழே இறங்கினதைச் சுப்ராயன் பார்த்துவிட்டான். ரிக்‌ஷாவில் ஏறுகிறவன் கால் பலகையில்தான் மிதிப்பான். டாப்பை மிதிக்கிற சாதி உலகத்தில் உண்டு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"இந்த வீட்டு மாப்பிள்ளைங்க எல்லாரும் இப்படித்தான் ஏறுவாங்களா?" என்று சுவாமிநாதனைக் கேட்டான்.

"எல்லாரும்தான். சொந்தக்காரங்க எரவல் வாங்கிட்டுப் போனாலும் அதே எடம், அதே காலு."

"முன்னமே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டியா மச்சான்?"

மறுநாள் பகலில் விருந்து. காலையில் போய்த் தூக்கிப் பார்த்தால் இடது கொக்கி விழுந்தது. வலது கொக்கி கண்ணாடிச் சட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக நேரமில்லை, வண்டியிலேயே வைத்து நெருப்பில் காய்ச்ச வழியில்லை. புதுக் கான்வாஸ் பற்றிக்கொள்ளும். காய்ச்சாமல் பச்சையாக நெம்பினால் இரும்பு ஒடியும். சுப்ராயன் முகம் சுண்டிப்போய் நின்றான்.

"மடிச்சே ஓட்டச் சொல்லட்டுமா உம்மா?" என்றான், காலையிலேயே பெண் வீட்டிலிருந்து வந்திருந்த கமாலுதீன்.

"புதுப்பொண்ண ஊரே பார்க்கவா?" ஆஸியா பீவி வண்டியைச் சுற்றி வந்தாள். "அந்த மூலைய யாராச்சும் புடிச்சிருந்தா நிக்குமா தம்பி?"

"நிக்கும்மா. நான் முன்சீட்டுல உக்காந்து புடிச்சிக்கறேன்."

"கல்யாணப் பொண்ணு வண்டியில நீங்க எப்படி வருவீங்க? சுவாமிநாதன் ஒருத்தர் போதும். நான் புடிச்சிக்கறேன்."

அப்படியே ஆயிற்று. பெண் வீட்டு வாசலில் புதுப்பெண் ரோஷன் பேகத்தையும் ஆஸியா பீவியின் தங்கை நபீசாவையும் பின்சீட்டில் திரைக்குள் உட்கார்த்தி, மாமியார் முன்சீட்டில் ஏறி வலது மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுப்ராயன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே போனான். கடற்கரை ரோட்டில் காற்று டாப்பைப் பிடித்துத் தூக்கியது. பக்கவாட்டில் மிதித்துப் போய்ப் பார்த்தான். இரும்புக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவில் அந்த அம்மாளின் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. அடுத்த பர்லாங்கில் பார்த்தபோது, பின்சீட்டிலிருந்து நீண்டு வந்த மருதாணிக் கை ஒன்றும் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நபீசா யாரையோ அதட்டினாள், யாரோ சிரித்தார்கள்.

ஆஸியா பீவி வீட்டு வாசலில் கையை விட்டதும் டாப்பு எம்பியது. திட்டு வாங்கத் தயாராகச் சுப்ராயன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை. ரோஷன் பேகம் மாமியார் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அழுந்திடுச்சே மாமி. வலிக்குதா?"

"அது கெடக்கு, நீ உள்ள வா."

"அடுத்த வெள்ளிக்கெழம வர்றப்போ நான் முன்னால உக்காந்து புடிச்சிக்கறேன்."

ஆஸியா பீவி அந்தப் பெண்ணின் முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டாள். பிறகு சுப்ராயன் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணிடுவீங்களா தம்பி?" என்றாள்.

"பண்ணிடறேம்மா" என்று சொல்லிவிட்டு, சுப்ராயன் டாப்பின் வலது இரும்புக் கையிலிருந்து போல்ட்டைக் கழற்ற உட்கார்ந்தான்.