ஊமை டப்பா

தான் செய்த பிழையைத் திருத்த முடியாமல் போனவன், அதனால் வந்த அவமானத்தில் தனக்கும் ஒரு பங்கு கேட்கலாமா? கம்பவுண்டரின் சிறை வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது.

வெளியே மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். ஆயுள் தண்டனையில் உள்ளே வந்தபின் சிறை ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். காலையில் தலை எண்ணி முடித்ததும் ஜன்னல் முன்னால் வரிசை நிற்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், எச்.ஐ.வி., எதுவானாலும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாதான். யாருக்கு என்ன என்று அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

கைதிகளுக்கு முடிவெட்டுபவரும் கைதிதான். ஒரு நாள் அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, எச்.ஐ.வி. மாத்திரை பெரிதாக இருப்பதால் தன் டப்பா வேறு மாதிரி குலுங்குகிறது, பக்கத்துப் பாய்க்காரன் காதைத் தீட்டுகிறான் என்றார். கம்பவுண்டர் எச்.ஐ.வி. மாத்திரை இருந்த ஏழு டப்பாக்களில் மட்டும் பஞ்சு அடைத்தார். சத்தம் வராத டப்பா என்றால் அந்த நோய் என்று பதினைந்தே நாளில் கொட்டடி முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு எல்லா டப்பாவிலும் அடைத்தார். அதற்குள் முகங்கள் மனப்பாடமாகியிருந்தன.

“ஊமை டப்பாகிட்ட கழுத்த நீட்டச் சொல்றியா?” என்று ஒருவன் கேட்க, வரிசையே சிரித்தது. கத்தரிக்கோலை வார்டர் வாங்கிக்கொண்டார். முடிவெட்டுபவர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிச் சாக்கடையில் துப்ப ஆரம்பித்தார். இப்படியே போனால் ஆள் தேறமாட்டார் என்றார் டாக்டர்.

மறுநாள் அவர் முறை வந்ததும் கம்பவுண்டர் வெளியே வந்து பக்கத்தில் நின்றார். கையில் தனக்கென்று ஒரு டப்பா. உள்ளே இருந்தது வெறும் வைட்டமின். எல்லோரும் பார்க்க ஒன்றை விழுங்கினார்.

“உங்களுக்குமாண்ணே?”

“மொதல்ல தண்ணியக் குடி.”

முடிவெட்டுபவர் குடித்தார். அன்று துப்பவில்லை. அதன்பின் தினமும் இருவரும் சேர்ந்தே விழுங்கினார்கள்.

விடுதலையாகிப் போன எவனோ, கம்பவுண்டருக்கும் அந்த நோய் என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் கம்பிவலைக்கு அப்பால் தம்பி மட்டும் வந்து நின்றான்.

“அப்படி ஒண்ணுமில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா. அண்ணி வந்துடுவாங்க.”

அடுத்த கம்பியில், பேசுவது கேட்கும் தூரத்தில், அதே கொட்டடிக்காரன் ஒருவன் நின்றிருந்தான். கம்பவுண்டர் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். கடிதத்திலும் எதுவும் எழுதவில்லை. மனைவி வரவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து முடிவெட்டுபவர் உடம்பு தேறி விடுதலையானார். இனி கம்பவுண்டரின் வைட்டமின் டப்பாவுக்கு வேலையில்லை. மறுநாள் காலை கம்பவுண்டர் வெளியே வந்து, வரிசையின் முன்னால் தனியாக நின்று, மாத்திரையை விழுங்கினார்.